நாகர்கோவில் முதல் திருவனந்தபுரம் வரை: குடியை நிறுத்தி வைத்தவருக்கு எந்த கிளாஸ், எந்த மேசை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குடியை ஒரு மாதமோ மூன்று மாதமோ நிறுத்தி வைத்திருப்பவர் ராத்திரி கூட்டாளிகளோடு வெளியே சாப்பிடப் போனால், இந்தச் சாலையில் நம்பி வாங்கக் கூடியவை நான்கு: குலுக்கி சர்பத், உப்பு போட்ட எலுமிச்சை சோடா, சம்பாரம் (இஞ்சி மிளகாய் தட்டிப் போட்ட மோர்), சுலைமானி (பால் இல்லாத எலுமிச்சை டீ). காசுக்குத் தகாத ஒன்று, ஹோட்டல் மெனுவில் நீலமும் சிவப்புமாகப் படம் போட்டிருக்கும் மாக்டெயில். ஆல்கஹால் இல்லாத பியர் சிலருக்குச் சரி, சிலருக்கு வினை. அதைப் பற்றிக் கடைசிப் பக்கம் வருகிறது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிற நிலையில் இருப்பவர் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தோடு நிறுத்த வேண்டிய நிலை அது. டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த மதிப்புரை, வாரக் கடைசிக் குடியையும் விருந்துக் குடியையும் தள்ளி வைத்திருப்பவர்களுக்கானது.

மேசையில் மது செய்கிற வேலை என்ன என்று பார்த்தால்தான் எந்த கிளாஸ் அதற்கு ஈடு கொடுக்கும் என்பது பிடிபடும். அது மெதுவாக இறங்கும். கசப்போ புளிப்போ எரிப்போ ஏதாவது ஒன்று நாக்கைத் தடுப்பதால் யாரும் மடக்மடக்கென்று குடிப்பதில்லை. பொரித்த மீனின் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். கைக்கு ஒரு வேலை கொடுக்கும். இனிப்பு பானம் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. இரண்டு நிமிடத்தில் கிளாஸ் காலி, நாக்கில் பிசுபிசுப்பு, அடுத்த ஒன்றரை மணி நேரம் வெறுங்கை. இங்கே ஒவ்வொரு பானத்துக்கும் வைத்த அளவுகோல் இதுதான்: ஒரு கிளாஸ் இருபது நிமிடம் தாங்குமா, பொரிப்போடும் கறியோடும் சேருமா.

குலுக்கி சர்பத்தில் தொடங்கலாம். பாறசாலை தாண்டிவிட்டால் ராத்திரி தட்டுக்கடைகளிலும் ரோட்டோர ஜூஸ் கடைகளிலும் கிடைக்கிறது, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமும் இப்போது பழகிவிட்டது. நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். உயரமான கண்ணாடி கிளாஸில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, தோலையும் உள்ளேயே போடுவார்கள். கீறிய பச்சைமிளகாய் ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, ஊறின விதை ஒரு கரண்டி, நன்னாரி அல்லது சர்க்கரைப் பாகு, ஐஸ், தண்ணீர். அப்புறம் சின்ன கிளாஸை வாயோடு வாய் கவிழ்த்து அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்குவார்கள். அரை நிமிடக் குலுக்கலுக்குக் குறைந்தால் பாகு அடியிலேயே தங்கிவிடும். முதல் வாய் வெறும் புளிப்பாகவும் கடைசி வாய் தேனாகவும் இருந்தால் குலுக்கினவர் சோம்பேறி என்று அர்த்தம்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, விதை. கடைக்காரர் கஸ்கஸ் என்பார். நம் வீட்டுக் குருமாவில் அரைக்கிற கசகசா அது அல்ல, சப்ஜா. ஒரு டீஸ்பூன் விதை அரை டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரமாவது ஊறி, ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு வந்திருக்க வேண்டும். ஊறாத விதை பல்லிடுக்கில் மணலாய் நறநறக்கும், கட்டியாகவும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு, மிளகாய். நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போதும். வட்டமாக நறுக்கிப் போட்டால் விதையெல்லாம் இறங்கி, பத்தாவது நிமிடத்தில் குடிக்க முடியாத காரம் ஏறும். மூன்று, எலுமிச்சைத் தோல். மரக் கட்டையால் நசுக்கினால் வெள்ளைத் தோலின் கசப்பு முழுக்க இறங்கிவிடும். கொஞ்சம் கசப்பு நமக்கு வேண்டியதுதான், மருந்துக் கசப்பு வேண்டாம்.

பாகு விஷயத்தில் வாய் திறந்து சொல்ல வேண்டும். கேட்காமல் விட்டால் 50, 60 மில்லி ஊற்றுகிற கடைகள் உண்டு. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் காய்ச்சிய பாகு 60 மில்லி என்றால் அதில் சர்க்கரை மட்டும் 35 கிராமுக்கு மேல். சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஒரே கிளாஸில் அது தாண்டிவிடும். "சேட்டா, மதுரம் குறச்சு மதி, உப்பு கொறச்சு கூடுதல்" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் போட்டுத் தருவார்கள். பாகு பாதி, எலுமிச்சை முழுசு, உப்பு இரட்டிப்பு. இந்த ஒரு மாற்றத்தில் பானமே வேறாகிவிடுகிறது, பொரித்த சாளையோடும் ஒத்துப்போகிறது. ஐஸ் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கைப் போர்த்தி வைத்த பாளத்தைக் குத்திப் போடுகிற கடையில் "ஐஸ் வேண்டா" என்று சொல்லிவிடுவது வயிற்றுக்கு நல்லது.

நன்னாரி சர்பத் கேட்பவர் பாகை முகர்ந்து பார்க்கலாம். உண்மையான நன்னாரி வேரில் வெனிலா வாசத்துக்குக் காரணமான பொருளின் உடன்பிறப்பு போன்ற ஒரு சேர்மம் இருக்கிறது. அதனால் வெனிலா மாதிரி மணப்பதை வைத்துப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். வேர்ப்பாகில் அந்த மணத்துக்குக் கீழே மண்வாசமும், தொண்டையில் லேசான துவர்ப்பும் இருக்கும். எசன்ஸ் பாகில் மேல்மணம் மட்டும் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது.

திருவனந்தபுரத்தில் எலுமிச்சை ஜூஸுக்கு போஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. அந்த ஊர் சாப்பாட்டில் அதற்கு மரியாதையான இடமும் உண்டு. சாலை பஜாரில் பேர் பெற்ற கேத்தல் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கோழியை முழுசாகப் பொரித்து, எண்ணெயில் உதிர்ந்து மொறுமொறுவென்று ஆன மசாலாத் தூளை மேலே அள்ளிப் போட்டு, குட்டிச் சப்பாத்தியோடு தருவார்கள். கூட வைத்துக் குடிப்பது எலுமிச்சை ஜூஸ். மது இல்லாத மேசைக்கு இதைவிட நல்ல பாடம் தேட வேண்டியதில்லை. உப்பும் மிளகாயும் எண்ணெயும் ஒரு பக்கம், புளிப்பும் குளிர்ச்சியும் மறுபக்கம். சாப்பிடுகிறவருக்கு எதையோ விட்டுக்கொடுத்த நினைப்பே வராது. முதல் தடவை வெளியே போகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இந்தச் சாப்பாடுதான். சாயங்காலம் சீக்கிரமே போய்விடுங்கள், கூட்டம் ஏறிவிடும்.

சோடா இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. பொரித்த மீன், நேந்திரங்காய் சிப்ஸ், கட்லட் எல்லாவற்றோடும் உப்பு எலுமிச்சை சோடா அருமை. ஆனால் காரமான மீன்கறியும் மிளகு தூக்கலான மாட்டிறைச்சி வறுவலும் வரும்போது சோடா வேண்டாம். வாயு நாக்கைக் குத்துவதால் மிளகாய் எரிச்சல் இன்னும் கூடும். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், பால் புரதம் அதை நாக்கிலிருந்து பிரித்து எடுக்கும். அந்த இடத்துக்கு உரியது சம்பாரம்.

சம்பாரத்தின் அளவு இது. கொஞ்சம் புளித்த தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. அரை லிட்டர் மோருக்கு ஒரு அங்குல இஞ்சி, ஒரு பச்சைமிளகாய், மூன்று சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு கொத்து கறிவேப்பிலை, இரண்டு நாரத்தை இலை. இவற்றை அரைக்கக் கூடாது, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகச் சதைத்து மோரில் போட்டு, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து, அரை மணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் உள்ளியின் நாற்றம் மட்டும் மேலே நிற்கும். நாரத்தை இலை போடாதது வெறும் நீர்மோர். குறை என்னவென்றால் ஹோட்டல்களில் சம்பாரம் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. ராத்திரிக்கு மில்மா பால் பூத்தில் சம்பாரம் பாக்கெட் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுச் சம்பாரத்தின் மணம் அதில் வராது, ஆனால் வேலை செய்யும்.

கள்ளு ஷாப்பு பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டினால் கடை சட்டப்படி திறந்திருக்கிறது, சமையலும் அங்கே பிரமாதம். மரச்சீனிக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன் தலைக்கறியும், கக்கா (மட்டி) இறைச்சியும், கூந்தல் (கணவாய்) வறுவலும், தாறாவு (வாத்து) கறியும் வேறெங்கும் அந்தக் காரத்தில் கிடைப்பதில்லை. ஆனால் நிறுத்தி ஒரு மாதம் ஆகாதவர் உள்ளே உட்காருவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புளித்த வாசம் ஒன்றே பழைய ஆசையைக் கிளப்பப் போதும். பார்சல் வாங்கலாம். கிழங்கைச் சுடச்சுட வாங்கி அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகி ரப்பராகிவிடும், அப்புறம் ஆவியில் வைத்தால்தான் இளகும். கறியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், கிழங்கின் மேலேயே ஊற்றிக் கட்டினால் வீடு சேரும்போது களியாகிவிடும்.

அதே பக்கத்தில் இன்னொரு கவனம். ஆல்கஹாலோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப் போடுகிற டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கள்ளப்ப மாவில் கள் ஊற்றியிருக்கிறதா, பிளம் கேக்கில் பிராந்தி இருக்கிறதா என்று கேட்டே சாப்பிட வேண்டும். கிறிஸ்துமஸ் சமயம் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அந்தப் பக்கமும் வீட்டில் போடுகிற முந்திரி வைனை, அதாவது திராட்சை வைனை, "அது குடி இல்லே மக்கா, சும்மா ஜூஸ்" என்று கிளாஸில் ஊற்றித் தருவார்கள். திராட்சைப்பழத்தையும் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் பரணியில் (ஜாடியில்) மூன்று வாரம், அதற்கு மேலும் வைத்து எடுத்தது அது. பியரைவிட வீரியம் கூடுதலாகவே இருக்கலாம். அக்கானி (பதநீர்) அப்படியல்ல, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது. ஆனால் அது காலைப் பானம். சாயங்காலம் வரை வைத்திருந்து விற்கிற அக்கானியில் நுரை தெரிந்தால், புளிப்பு தட்டினால், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

மாக்டெயிலுக்கு வருவோம். பெரிய ஹோட்டல்களிலும் கோவளம் கடற்கரை ரெஸ்டாரண்டுகளிலும் குடிக்காதவருக்கு நீட்டப்படுவது இதுதான். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பாட்டில் சிரப், சோடா, ஐஸ், ஓரத்தில் ஒரு செர்ரி. 30 மில்லி சிரப்பிலேயே சர்க்கரை 20 கிராம் தாண்டும், இரண்டு வகை சிரப் ஊற்றினால் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு கிளாஸின் விலையில் தட்டுக்கடையில் நான்கு பேர் குலுக்கி குடிக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் விர்ஜின் மொஹிட்டோவைச் சொல்லி, சிரப்பைப் பாதியாக்கி, எலுமிச்சையை இரண்டு பங்காக்கி, ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள். புதினாவைத் தட்டினால் போதும், கூழாக்கினால் புல் கசப்பு வரும். பார் உள்ள இடத்தில் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். அங்கஸ்துரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். சில துளிதான் போடுவார்கள், ஆனாலும் முழுக்க விலகி இருப்பவர் அதைத் தெரிந்துதான் குடிக்க வேண்டும்.

ஆல்கஹால் இல்லாத பியர். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஹைனகென் 0.0, பட்வைசர் 0.0 மாதிரியானவை கிடைக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு விதியில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது மதுபானம். ஆகவே 0.0 என்பதும் 0.5-க்குள் என்பதும் ஒன்றல்ல, லேபிளைப் படித்து வாங்குங்கள். ஹைனகென் 0.0 ஒரு 330 மில்லி பாட்டிலில் 69 கலோரி, இனிப்பு குறைவு, மாக்டெயிலைவிட அந்த வகையில் மேல். ருசியில் வேகவைத்த பார்லிக் கஞ்சியின் வாசம் எட்டிப் பார்க்கும், ஆல்கஹால் இருந்தால் அமுங்கிப் போகிற வாசம் அது. நன்றாகக் குளிர்ந்து, கிளாஸில் ஊற்றிக் குடித்தால் குறை தெரியாது, சூடேறினால் பாதிக்கு மேல் இறங்காது. எலுமிச்சை கலந்த ராட்லர் வகை வேறு, அது சர்க்கரை போட்ட குளிர்பானம் என்றே கணக்கு வையுங்கள். யாருக்கு வேண்டாம் என்றால், பியரையே விட்டவருக்கு. அதே பாட்டில், அதே நுரை, அதே கசப்பு, கூடவே அதே கூட்டாளிகள். முதல் இரண்டு மாதத்துக்கு வாங்காதீர்கள். விஸ்கி பிராந்தி பழக்கம் இருந்தவருக்கு அவ்வளவு ஆபத்தில்லை.

மேசையையும் நேரத்தையும் பற்றிக் கொஞ்சம். கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மதுக்கடைகளுக்கும் பார்களுக்கும் பொதுவாக விடுமுறை நாள். முதல் வெளிச்சாப்பாட்டை அந்தத் தேதியில் வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் வற்புறுத்த வழி குறைவு. நம் பக்கம் டாஸ்மாக்கை அது கட்டுப்படுத்தாது, அதனால் சாப்பாடு எல்லைக்கு அப்பால் இருக்கட்டும். பசியோடு போய் உட்காராதீர்கள். ஏழு மணிக்கு முன்னாலேயே ஒரு ரசவடையோ பழம்பொரியோ உள்ளே போயிருந்தால் பாதி ஆசை அடங்கிவிடும், மீதி எழும்பினாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிகிறது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இதற்குத் தோதான இடம். லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கோபுரத்தில் தரை சுருள் சுருளாக ஏறிக்கொண்டே போகும், மேசையும் கூடவே ஏறும். பீட்ரூட் சிவப்பில் வெஜிடபிள் கட்லட், ஒரு காபி. அங்கிருந்து வெள்ளயம்பலம் பக்கம் மானவீயம் வீதிக்குப் போனால் நடக்கலாம், பாட்டு கேட்கலாம், ராத்திரி நேரம் அங்கே கிளாஸ் இல்லாமலே கழிகிறது.

பார் உள்ள ரெஸ்டாரண்டுதான் என்று கூட்டம் முடிவு செய்துவிட்டால், கவுண்டருக்கு முதுகு காட்டி உட்காருங்கள், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் உங்கள் கிளாஸைச் சொல்லுங்கள். வெயிட்டர் சுற்றி வந்து கடைசியாக உங்களிடம் நின்று "சாருக்கு?" என்று கேட்கும் அந்த நொடியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கிளாஸ் கால்வாசி இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள், காலி கிளாஸைப் பார்த்தால்தான் கேள்வி வருகிறது. கூடக் கொறிக்கிற டச்சிங்ஸ் விஷயத்தில் வறுத்த கடலை, உப்புக் கலவை வேண்டாம், அவை குடிக்கத் தூண்டவென்றே இருக்கிறவை. மீன் பொரிப்பும் சாலடும் சொல்லுங்கள். பணம் கொடுக்கும்போது சங்கடப்பட வேண்டியதில்லை. மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை, மாநில வரிதான், அதனால் அது பில்லில் தனியாகத்தான் நிற்கும். சாப்பாட்டுப் பகுதியை மட்டும் பங்கு போடுவது எளிது.

திரும்பும்போது வண்டியை நீங்கள் எடுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான்தாண்டே வண்டி ஓட்டணும்" என்பதை எதிர்த்து இந்தப் பக்கம் யாரும் பேசிப் பார்த்ததில்லை.

கடைசி கிளாஸ் சுலைமானி. பிரியாணிக்குப் பிறகு இதற்கு நிகரில்லை. 200 மில்லி தண்ணீரில் இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு, சின்னத் துண்டு பட்டை போட்டு மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு அரை டீஸ்பூன் தேயிலை, இரண்டே நிமிடம், வடிகட்டு. சர்க்கரை ஒரு டீஸ்பூன். எலுமிச்சை ஒரு டீஸ்பூன் கடைசியில்தான், கிளாஸில் விழுந்ததும் கறுப்பு நிறம் தேன் நிறமாகத் தெளியும். கொதிக்கும்போதே பிழிந்துவிட்ட கடையில் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கைப் பிடிக்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடியை நிறுத்திய முதல் இரண்டு வாரம் தூக்கம் ஏற்கெனவே சரியாக இருக்காது, அந்த நாட்களில் ஒன்பது மணிக்கு மேல் சுலைமானியும் கட்டன் சாயாவும் (பால் இல்லாத டீ) வேண்டாம். மேசையில் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக வைத்திருப்பார்களே பதிமுகம் வெள்ளம், அதாவது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், அதை இன்னொரு கிளாஸ் கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.